மத்தி மீனுக்காகக் காத்திருக்கும் பென்குயின்!

குட்டீஸ்... பென்குயின் படம் வரையச் சொன்னால் சுற்றிலும் பனிக்கட்டி வரைவீர்கள்தானே? பனியையே பார்க்காத பென்குயின்களும் உண்டு. அதில் ஒன்று ஆப்பிரிக்கப் பென்குயின். தென்னாப்பிரிக்கா, நமீபியா நாடுகளின் கடலோரத்தில், நம் மரக்காணம் கடற்கரை போல வெயில் அடிக்கும் இடங்களில் வாழ்கிறது.

உயரம் இரண்டு அடி, எடை மூன்று கிலோ. கத்தினால் கழுதை கத்துவது போலவே இருக்கும்! கண்ணுக்கு மேலே ரோஜா நிறத்தில் சின்னத் தோல் திட்டு இருக்கிறது. வெயில் ஏற ஏற அங்கே ரத்தம் அதிகமாகப் பாய்ந்து, உடல் சூட்டை வெளியேற்றும். குளிரைத் தாங்கப் படைத்த உடம்பு என்று நினைத்த பறவைக்குள், சூட்டைத் தணிக்கவும் ஓர் ஏற்பாடு!

2024 அக்டோபரில், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்தப் பறவையை, 'மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ள இனம்' என்று அறிவித்தது. உலகில் உள்ள 18 வகைப் பென்குயின்களில் இந்த நிலைக்குப் போன முதல் வகை இதுதான். 30 ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டது. முட்டையிடும் ஜோடிகள் இப்போது பத்தாயிரம் கூட இல்லை.

ஏன்? சாப்பாடு கிடைக்கவில்லை.

இதன் உணவு மத்தியும் நெத்திலியும். தாயும் தந்தையும் மாறி மாறி, சுமார் 40 நாட்கள் அடைகாக்கும். குஞ்சு பொரித்த பின், ஒன்று காவல், மற்றது கடலுக்கு. அப்போது கூட்டிலிருந்து 20 முதல் 40 கி.மீ., தூரத்துக்குள் இரை கிடைக்க வேண்டும். அதாவது, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் தூரத்துக்குள்! அதையும் தாண்டி அலைந்தால், குஞ்சு பட்டினிதான்.

இன்னொரு சிக்கல். ஆண்டுக்கு ஒருமுறை பழைய இறகு அத்தனையும் ஒரே சமயத்தில் உதிரும். புது இறகு முளைக்கும்வரை, ஏறக்குறைய மூன்று வாரம், தண்ணீரில் இறங்க முடியாது. நிலத்தில் நின்றபடியே முழு விரதம்! அதற்கு முன் நன்றாகத் தின்று கொழுத்தால்தான் பிழைக்கும். ராபன் தீவு தெரியுமா? நெல்சன் மண்டேலா 18 ஆண்டுகள் சிறையில் இருந்த இடம். அங்கும் அருகிலுள்ள டாசன் தீவிலும் 2004ல் முட்டையிட்ட பறவைகளில் சுமார் 95 சதவீதம், அடுத்த எட்டு ஆண்டுகளில் இறந்திருக்கும் என்று 2025ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டுள்ளது. அந்த ஆண்டுகளில் மத்தி மிகவும் குறைந்திருந்தது.

மத்தியை அங்கே பிடிப்பது சுருக்குமடி வலையால். மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். கூட்டமாக வரும் மீனை வளைத்து, பையைச் சுருக்குவது போல அடியை இறுக்கி மொத்தமாக அள்ளிவிடும். 'இதனால் சிறு மீனவர்களுக்கு மீன் மிஞ்சாது' என்று, தமிழகத்தில் 2000ல் இதற்குத் தடை வந்தது. பிறகு, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால அனுமதி தந்தது. இங்கே மீனவருக்கும் மீனவருக்கும் வழக்கு. அங்கே பென்குயினுக்காக வழக்கு!

பறவைகளுக்காக இரண்டு அமைப்புகள் நீதிமன்றம் போயின. மீன்பிடி நிறுவனங்களோ, 'கடல் சூடாகி மீன் இடம் மாறியதற்கு நாங்களா பொறுப்பு?' என்று கேட்டன. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால், மீன் குறைந்த நேரத்தில், கூட்டுக்குப் பக்கத்திலேயே வலை வீசினால் பறவை எங்கே போகும்? கடைசியில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. 2025 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அதை உத்தரவாக்கியது. பென்குயின்கள் கூடும் ஆறு இடங்களைச் சுற்றி, 2033 வரை மத்தி, நெத்திலிக்கு இந்த வலை வீசக் கூடாது.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் அல்லவா? அது மீன் குஞ்சு பொரிப்பதற்கான ஓய்வு. அங்கே மூடியிருப்பது காலத்தை அல்ல, இடத்தை. வலை போகாத அந்த வட்டத்துக்குள் மத்தி திரும்பி வருகிறதா என்று ஆய்வாளர்கள் பென்குயின் கூடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.