இருபது கிலோ வீரம்

ஸ்ரீவைகுண்டத்தில் என் சித்தி மகன் ஒரு பழைய ஹோண்டா சிட்டி வைத்திருக்கிறான். 2000க்குப் பக்கத்தில் வந்த 1.5 விடெக் வண்டி, நூறு குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல். மஸ்டா மியாட்டாவை வீடியோவில் மட்டுமே பார்த்த நம்மூர்ப் பையன்களுக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார்.

போன மே மாதம் அதில் ஏறினேன். கண்ணாடி நாலும் இறக்கியிருந்தது. "ஏ.சி.யக் கழத்திட்டேம்ணே. இருவது கிலோ கொறஞ்சிட்டு. வண்டி சும்மா பறக்கு" என்றான். பின்சீட்டில் சித்தி, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். பிரஷருக்குக் காட்ட பாளையங்கோட்டைக்கு அவளைக் கூட்டிப்போவதும் இதே காரில்தான்.

எடை குறைந்தால் கார் நன்றாக ஓடும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. பிரேக் சீக்கிரம் பிடிக்கும், வளைவில் வண்டி சொன்னபடி கேட்கும். லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன் தன் பெயரையே இந்தக் கொள்கையின் மேல்தான் கட்டினார். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் ஏ.சி., பின்சீட்டு, மேட் எல்லாவற்றையும் பிடுங்கிப் போடலாம், தப்பே இல்லை. என் சண்டை, வீட்டுக் காரில் இதைச் செய்துவிட்டு வீரம் பேசுவதோடுதான்.

கணக்குப் போடுவோம். கம்ப்ரசர், கண்டென்சர், கூலிங் காயில், பைப்பு எல்லாம் சேர்ந்து இருபது கிலோ என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோ வண்டியில் அது நூற்றுக்கு இரண்டு. 27 லிட்டர் பெட்ரோலும் ஏறக்குறைய அதே எடைதான். டாங்கை நிரப்பாமல் ஓட்டினாலே முக்கால்வாசி லாபம் வந்துவிடும். ஏ.சி. எஞ்சினைத் தின்கிறது என்பார்கள். சுவிட்சை அணைத்தால் கம்ப்ரசரின் கிளட்ச் விட்டுவிடும், புல்லி மட்டும் சும்மா சுற்றும். அவ்வளவுதான். ஆனால் ஏ.சி. இல்லாமல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேகமாகப் போனால் உள்ளே அடிக்கிற காற்றே வண்டியைப் பிடித்து இழுக்கும்.

அந்த வேகத்தையும் எங்கே காட்டுவது? திருச்செந்தூர் ரோட்டில் பஸ், வாழைத்தார் ஏற்றிய வண்டி, தைப்பூசத்துக்கு முன்னால் பாதயாத்திரைக் கூட்டம். அங்கே மிச்சமாகும் அரை வினாடியை யாருக்குக் கொடுக்கப் போகிறோம்?

இந்தச் சித்தாந்தம் குளிர்நாட்டுச் சரக்கு. இங்கிலாந்தில் ஏ.சி. இல்லாமல் ஓட்டுவது ஒரு சின்னச் சிரமம். அக்கினி நட்சத்திரத்தில் தாமிரபரணிப் பாலத்தின் மேல் டிராஃபிக்கில் நிற்பது வேறு சங்கதி. சரி, அந்த ஊர்க்காரர்களாவது எல்லாவற்றையும் கழற்றினார்களா? 1987இல் வந்த ஃபெராரி எஃப்40ல் கார்பெட் இல்லை, ரேடியோ இல்லை. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கயிறுதான். அத்தனையையும் பிடுங்கியவர்கள் ஏ.சி.யை மட்டும் விட்டுவைத்தார்கள். எஞ்சின் சூட்டில் ஆள் உட்கார முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2023 அக்டோபரில் கத்தார் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் எஸ்தபான் ஓகான் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். லோகன் சார்ஜன்ட் முடிக்க முடியாமல் பாதியில் இறங்கினார். அதன் பிறகு 2025இல் புது விதி வந்தது: கடும் வெப்பம் என்று முன்னறிவித்தால் காரில் ஓட்டுநரைக் குளிர்விக்கும் கருவி வைக்க வேண்டும், அதற்காகக் காரின் குறைந்தபட்ச எடையும் கூடும். கிராம் கணக்கில் எடை பார்க்கிற விளையாட்டே மனுஷ உடம்புக்காக எடையை ஏற்றிக்கொண்டது. நாம் ஸ்ரீவைகுண்டத்தில் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். தூத்துக்குடியில் உப்பு லோடு ஏற்றும் லாரி டிரைவரிடம் போய், ஏ.சி. இல்லாமல் ஓட்டுவதுதான் அசல் ஓட்டம் என்று யாராவது சொல்லிப் பாருங்கள். எஞ்சின் சூடு காலடியில், வெயில் முகத்தில், பனியன் நனைந்து முதுகில் ஒட்டியிருக்கும். 2025இலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு ஆணையிட்டது. அதற்கு முந்தைய லாரிகள் இன்னும் அப்படியேதான் ஓடுகின்றன. அவர்கள் இத்தனை வருஷம் காத்திருந்து பெற்ற ஒன்றை நாம் ஸ்டைலுக்காகக் கழற்றுகிறோம். வேண்டாம் என்று சொல்வதற்கும் முதலில் ஒருவனிடம் அது இருக்க வேண்டும்.

இன்னொன்று. கழற்றும்போது உள்ளே இருந்த கேஸ் எங்கே போனது என்று கேட்டேன். "அத அப்படியே தொறந்து விட்டாச்சுண்ணே." ஆர்-134ஏ ஓசோனைத் துளைக்காதுதான். ஆனால் அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். தன் காரைக் குளிர்விக்காமல் ஊரைச் சூடாக்கியிருக்கிறான்.

பழைய ஏ.சி. ரிப்பேர் என்றால் செலவு இருக்கிறது, தெரியும். பணம் இல்லை என்று சொன்னால் வாயை மூடிக்கொள்வேன். அதை எடைக்குறைப்பு என்று சொல்லாதீர்கள்.

கம்ப்ரசர் இன்னும் சித்தி வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது. அவள் அதன்மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறாள். "இத மறுபடி மாட்ட முடியுமால?" என்று என்னிடம்தான் கேட்டாள், அவனிடம் கேட்கவில்லை. முடியும் சித்தி. அடுத்த அக்கினிக்கு முன்னால் மாட்டச் சொல்கிறேன்.