குடியை விட வருபவரிடம் ஈமானை நுழைவுக் கட்டணமாகக் கேட்காதீர்கள்



மது பற்றிய பயான்களில் ஒரு வாசகம் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம்: ஈமான் இல்லாதவனால் குடியை விட முடியாது, விட்டாலும் அது நிலைக்காது. மார்க்கப் பற்றிலிருந்து பிறந்ததாகத் தோன்றும் இவ்வாசகம் மூன்று வகையில் பிழையானது. நடந்த உண்மைக்கு அது மாறானது. நம் மார்க்கம் காட்டித் தந்த முறைக்கும் மாறானது. எல்லாவற்றுக்கும் மேலாக, மீண்டு வர விரும்பும் மனிதனை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

முதலில் நம் நிலையைப் பார்ப்போம். 2003 நவம்பர் முதல் தமிழகத்தில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2023-24ஆம் ஆண்டில் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் முஸ்லிம் வீட்டுப் பணம் ஒரு காசும் இல்லை என்று சத்தியம் செய்ய எந்த மஹல்லாவாலும் இயலாது. இங்கே கானாடுகாத்தானின் பழைய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கின்றன. செட்டிநாட்டு முஸ்லிம் குடும்பங்களில் குடிக்கும் மகனைப் பற்றிய பேச்சும் பின்வாசல் வழியாகவே வெளியேறுகிறது. பெண் கொடுத்தவர் அறியக்கூடாது, ஜமாஅத் அறியக்கூடாது, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அறியக்கூடாது என்று மறைத்து மறைத்து, ஈரல் கெட்ட பிறகே மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோகிறோம்.

அத்தகையவர்களுள் சிலர் குடியால் உடலை மட்டும் இழந்தவர் அல்லர், நம்பிக்கையையும் இழந்தவர்கள். தொழுகை நின்று பல்லாண்டுகள் ஆகியிருக்கும். "அல்லாஹ் இருக்கிறானா என்பதே எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் இந்தக் குடியை விட்டாக வேண்டும்" என்று ஒருவர் நம்மிடம் வந்து சொன்னால் நாம் என்ன விடை தருவோம்? "முதலில் கலிமாவைப் புதுப்பித்துக்கொள், பிறகு பேசலாம்" என்போம். அவர் போய்விடுவார். போகும் வழியில் கடை திறந்திருக்கும்.

இப்போது உலகில் நடந்ததைக் காண்போம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்னும் இரு குடிநோயாளிகள் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டமைப்பு. 1957இல் அது இந்தியாவுக்கு வந்தது; இன்று தமிழிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. அதன் பன்னிரு படிகள் 1939இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஆறு படிகள் கடவுளைப் பற்றியோ தன்னைவிடப் பெரிய ஓர் ஆற்றலைப் பற்றியோ பேசுகின்றன. மற்றவை இயலாமையை ஒப்புக்கொள்வது, தன் குற்றங்களைக் கணக்கெடுப்பது, தீங்கிழைத்தவர்களிடம் சென்று ஈடு செய்வது, பிற குடிநோயாளிகளுக்கு உதவுவது முதலானவை.

அந்நூல் எழுதப்பட்ட காலத்திலேயே குழுவுக்குள் இறைமறுப்பாளர்கள் இருந்தார்கள். கடவுள் என்ற சொல்லோடு 'நாங்கள் புரிந்துகொண்ட வகையில்' என்னும் தொடரைச் சேர்க்கச் செய்தவர்கள் அவர்களே. அவர்களுள் ஒருவரான ஜிம் பர்வெல் 1938இல் குடியை விட்டவர். குழுவின் வலிமை ஒன்றையே தன்னைவிடப் பெரிய ஆற்றலாக நெடுங்காலம் ஒப்புக்கொண்டிருந்ததாக அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னர் அக்கூட்டமைப்பு வகுத்து, 1950இல் ஏற்றுக்கொண்ட மரபுகளில் மூன்றாவது, உறுப்பினராவதற்கு வேண்டியது குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே என்று வரையறுத்தது.

"விட்டாலும் நிலைக்காது" என்பதை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்காட் டோனிகன், வில்லியம் மில்லர், கரோல் ஷெர்மர் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாத்திகர்களும் ஐயவாதிகளும் கூட்டங்களுக்குக் குறைவாகவே செல்கிறார்கள். ஆனால் சென்றவர்கள் பெற்ற பலன், இறைநம்பிக்கை உடையோர் பெற்றதற்குக் குறைந்ததாக இல்லை. அவர்களுடைய சிக்கல் வாசலைத் தாண்டுவதில்தான் இருக்கிறது. 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் 10,565 பங்கேற்பாளர்களையும் எடுத்துக்கொண்டு, தொடர்ந்து குடியாதிருக்கச் செய்வதில் இம்முறை பிற உளவியல் சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ நிற்கிறது என்று கண்டது. அத்தொகுப்பின் ஆசிரியர்களுள் ஒருவரான ஜான் கெல்லியின் பிற ஆய்வுகள் காரணத்தையும் விளக்குகின்றன: குடிக்கும் நண்பர் வட்டம் சுருங்கிக் குடியாதோர் வட்டம் விரிவடைவதே பலனில் பெரும் பங்கு வகிக்கிறது. நோய் முற்றியவர்களிடம் ஆன்மிக வளர்ச்சியும் துணைசெய்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை. நாமும் மறுக்கவில்லை. அது ஒரு வழி. ஒரே வழி அன்று.

நம் மண்ணிலும் சான்று உண்டு. பிற்காலத்தில் இறைமறுப்பின் முகமாக விளங்கிய பெரியார், காங்கிரஸில் இருந்த நாளில் கள்ளுக்குப் பயன்படக்கூடாது என்று சேலம் தாத்தம்பட்டியில் தம் தோப்பின் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். சட்டத்தின் வழியான மதுவிலக்கைப் பின்னாளில் அவர் எதிர்த்தார் என்பது வேறு செய்தி. அவரைப் பின்பற்றிக் கடவுளை மறுத்தவர்களுள் மதுவைத் தொடாமல் வாழ்ந்து மறைந்தோரை நாம் அண்டை வீட்டாராகக் கண்டிருக்கிறோம். கண்ணால் கண்டதை மறுத்துப் பேசுவது தஃவா ஆகாது.

சகோதரர் சிலர் கேட்பர்: "மது தடைசெய்யப்பட்டது என்ற அறிவிப்பைக் கேட்டதும் மதீனாவின் தெருக்களில் மதுவைக் கொட்டிவிட்டார்களே நபித்தோழர்கள்! அது ஈமானின் வலிமை இல்லையா?" ஐயமின்றி ஈமானின் வலிமைதான். அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் மது பரிமாறிக்கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்களே எழுந்து சென்று அதைக் கொட்டிய செய்தி புகாரியில் உள்ளது. ஆயினும் இரண்டைக் கவனியுங்கள். அத்தடை ஒரே நாளில் வரவில்லை. மதுவின் தீமை அதன் பயனைவிடப் பெரிது என்று உணர்த்தி (2:219), போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்று தடுத்து (4:43), அதன் பின்னரே முற்றாக விலக்கப்பட்டது (5:90, 91). அன்றியும், ஒரு சமூகமே சேர்ந்து ஒரே நாளில் கொட்டியது. மறுநாள் அழைப்பதற்குக் குடிக்கும் நண்பன் ஒருவனும் இல்லை.

அதே மதீனாவின் இன்னொரு செய்தியை நம் பயான்களில் அரிதாகவே கேட்கிறோம். நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைக்கும் அப்துல்லாஹ் என்பவர் குடித்ததற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்டார். அங்கிருந்த ஒருவர் அவரைச் சபித்தபோது, சபிக்க வேண்டாம் என்று தடுத்த நபி (ஸல்) அவர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி கூறினார்கள் (புகாரி 6780). இவ்வாறே தண்டனை பெற்றுத் திரும்பிய ஒருவரை மற்றொருவர் இழிவுபடுத்தியபோது, சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவிவிடாதீர்கள் என்று எச்சரித்தார்கள் (புகாரி 6781). அல்லாஹ்வின் தூதரே நேசத்துக்குச் சாட்சி சொன்ன ஒருவர் குடியில் மீண்டும் மீண்டும் வீழ்ந்தார். நம்பிக்கை உள்ளவர் வீழ முடியும் என்றால், நம்பிக்கை இல்லாதவர் எழுந்து நிற்கவும் முடியும் என்பதை ஏற்க நமக்கு ஏன் தயக்கம்? குடி ஒரு கணக்கு, ஈமான் வேறொரு கணக்கு. இரண்டையும் கலந்து எழுதினால் இரண்டுமே தவறாகும்.

இதைச் சொல்வதால் இறைமறுப்பை நாம் புகழ்ந்தவர்கள் ஆகமாட்டோம். குடியாத நாத்திகர் மறுமையில் ஈடேற்றம் பெறுவாரா என்பது இங்கே எழாத கேள்வி. அவர் மனைவி இன்றிரவு அடி வாங்காமல் உறங்குவாரா, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வீடு வந்து சேருமா என்பதே இங்குள்ள கேள்வி. மதுவை விலக்கிய இறைவசனமே பகைமையையும் வெறுப்பையும் முதற்காரணமாகக் காட்டுகிறது. அப்பகைமை ஒரு வீட்டிலிருந்து நீங்கும்போது, நீங்கிய வழியில் இறைவன் பெயர் உச்சரிக்கப்படவில்லை என்று நாம் வருந்தலாம், நீங்கியதற்கே வருந்தலாகாது.

போதையில் இருப்பவன் தான் சொல்வது என்ன என்று அறியும்வரை தொழுகையை நெருங்கலாகாது என்பது முன்னர்க் குறித்த 4:43இன் கருத்து. தெளிந்த அறிவு முதலில், தொழுகை அதன் பின் என்ற வரிசை அங்கே இருக்கிறது. தொழுகையை முதலில் கொண்டுவா, தெளிவை அதன் பின் தருகிறோம் என்று சொல்லும் நாம் அவ்வரிசையைத் தலைகீழாக்குகிறோம்.

மற்றொரு வாதம்: குழுவையே உயர்ந்த ஆற்றல் என்று கொள்வது ஷிர்க் அன்றோ? முஸ்லிம் ஒருவர் குழுவை இறைவனின் இடத்தில் வைக்க முடியாது. ஆளுக்கொரு கடவுள் என்னும் கருத்தையும் ஏற்க முடியாது. இதற்காகவே 1989இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜைத் இமானி 'மில்லத்தி இஸ்லாமி' என்னும் அமைப்பைத் தொடங்கி, பன்னிரு படிகளைத் தவ்ஹீதுக்கு இணங்க மாற்றியமைத்தார். நம்பிக்கையுள்ள நம் சகோதரருக்கு அவ்வழி திறந்திருக்கிறது. இறைநம்பிக்கை அற்றவர் நிலை வேறு. என் ஒருவனின் உறுதியைவிட இப்பத்துப் பேரின் உறுதி பெரிது என்று அவர் சொல்வது வழிபாடு அன்று; கண்கூடான உண்மை.

இங்கேதான் நீதியைப் பற்றிய கேள்வி எழுகிறது. அமெரிக்காவின் பல கூட்டங்கள் கிறித்தவ செபத்தோடு முடிவடைவதுண்டு. அதைச் சொல்லுமாறு நம் பிள்ளை ஒருவர் வற்புறுத்தப்பட்டால் நாம் கொதித்தெழுவோம். அந்நாட்டு இறைமறுப்பாளர்களும் இதே காரணத்துக்காக நீதிமன்றம் சென்றார்கள். கடவுளைப் பேசும் பன்னிரு படி நிகழ்ச்சிக்குச் செல்ல மறுத்ததால் கலிஃபோர்னியாவில் 2007இல் மீண்டும் சிறைக்கு அனுப்பப்பட்ட பாரி ஹேசில் என்பவருக்கு 2014இல் ஏறத்தாழ 20 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. தமிழர் பெருமளவில் வாழும் டொராண்டோ நகரில், கடவுள் என்னும் சொல்லின்றிப் படிகளைப் பயன்படுத்திய இரு குழுக்களை 2011இல் நகர ஒருங்கிணைப்பு அமைப்பு தன் பட்டியலிலிருந்து நீக்கியது. மனித உரிமை முறையீட்டுக்குப் பிறகு 2017இல்தான் மீண்டும் சேர்க்கும் நிலை வந்தது. இடைப்பட்ட அவ்வாறு ஆண்டுகளில் அப்பட்டியலைப் பார்த்து உதவி தேடிய நாத்திகர் ஒருவருக்குத் தமக்கேற்ற கூட்டம் இருப்பதே தெரிந்திராது. நம் மீது பிறர் மதத்தைத் திணிக்கலாகாது என்று கேட்கும் நாம், பிறர் மீது நம் மதத்தைத் திணிக்காதிருக்கவும் கடமைப்பட்டவர்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்யலாகாது என்ற கட்டளை (5:8) இறைமறுப்பாளருக்கும் நீதி செய்யச் சொல்கிறது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை (2:256) என்பது குடிநோயாளியின் கட்டிலருகிலும் பொருந்தும்.

ஆகவே நம் ஜமாஅத்துகளிடம் நான் வேண்டுவன சில. குடியை விட வருபவரிடம் ஈமானைப் பற்றி முதல் நாள் விசாரிக்காதீர்கள். பன்னிரு படிக் கூட்டம் தேவாலய அறையில் நடந்தாலும் பள்ளிக்கூட அறையில் நடந்தாலும், செல்ல விரும்புபவரைத் தடுக்காதீர்கள். இயன்றால் நம் மண்டபத்தில் வாரம் ஒருமுறை ஓர் அறை கொடுங்கள்; அங்கே வருபவர் யார், எம்மதம், என்ன பேசினார் என்று கேட்காதீர்கள். தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று, ஊராரின் துணையோடு முகாம் நடத்திக் காட்டியது. அங்கே முடிந்தது செட்டிநாட்டிலும் முடியும்.

ஒரு மருத்துவ எச்சரிக்கையும் உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாள்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். தவ்பா செய்துவிட்டான், இனி மருத்துவர் எதற்கு என்று எவரும் சொல்லவேண்டாம். நம்பிக்கையாளரின் உடலும் மறுப்பாளரின் உடலும் இதில் ஒன்றே.

ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதை வழங்கும் அதிகாரம் நமக்குத் தரப்படவில்லை. உதவும் கடமை தரப்பட்டிருக்கிறது. குடியை விட்ட ஒருவர் பத்தாண்டுகள் கழித்துத் தொழுகை வரிசையில் வந்து நின்றால் அல்ஹம்துலில்லாஹ். வராமலே போனாலும், தம் பிள்ளைகளுக்கு அஞ்ச வேண்டாத தந்தையாக அவர் வாழ்ந்தது நமக்கு மகிழ்ச்சியே. நம் வீடுகளையும் நம் அண்டை வீடுகளையும் மதுவின் தீங்கிலிருந்து அல்லாஹ் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.