பனி விளையாட்டுக்குக் கம்பளி மட்டும் போதாது

காஷ்மீரின் குல்மார்குக்குச் செல்லும் பயணிகளுக்கு, அடிவாரத்தில் உள்ள டங்மார்கிலேயே மேலங்கியும் ரப்பர் காலணியும் வாடகைக்குக் கிடைத்துவிடுகின்றன. அங்கிருந்து மேலே சென்று கேபிள் கார் ஏறினால், சுமார் 3,900 மீட்டர் உயரத்தில் உள்ள அபர்வட் சரிவுகளை எட்டிவிடலாம். குளிரிலிருந்து காக்கும் ஏற்பாடு இவ்வளவு எளிதாகிவிட்ட இடத்தில், பனிச்சரிவிலிருந்து காக்கும் ஏற்பாடு என்ன என்பதே என் கேள்வி.

2024 ஜனவரியில், கடுங்குளிர் நிலவ வேண்டிய 'சில்லாய் கலான்' நாட்களில், குல்மார்க் பனியின்றி வறண்டு கிடந்தது. பிப்ரவரியில்தான் பனி கொட்டியது. 21ஆம் தேதி கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அங்கு தொடங்கின. மறுநாளே, போட்டித் தடங்களுக்கு அப்பால் மேல்சரிவில் சறுக்கிய ரஷ்யர் ஒருவர் பனிச்சரிவில் சிக்கி மாண்டார். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டினர் இருவர் இவ்வாறே உயிரிழந்திருந்தனர்.

வறண்ட குளிர்காலம் ஆபத்தைக் குறைப்பதில்லை. மெல்லிய பனிப்படலம் கடுங்குளிரில் சர்க்கரைத் துகள்போல் பிடிப்பற்றதாகிவிடும். அதன்மீது தாமதமாக, ஒரேயடியாகப் பெய்யும் பனி ஒரு மனிதரின் எடைக்கே நழுவக்கூடும். புதையுண்டவரை 15 நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதன்பின் வேகமாகச் சரியும். மீட்புக் குழு மலையேறி வர அந்த அவகாசம் போதாது. உடன்வந்தவர்தான் காப்பாற்ற வேண்டும்.

அதற்குத் தேவையானவை மூன்று: வானொலி அலையை அனுப்பவும் ஏற்கவும் வல்ல சிறு கருவி, பனியைத் துழாவும் நீண்ட மடக்குக் கம்பி, பனியை அள்ளும் மண்வாரி. மேலங்கி அணிந்தவரையே காக்கும். ஆனால், இந்தக் கருவிகள் துணைவரிடமும் இருந்தால்தான் பயன்படும். ஆகவே, இவற்றைத் தனிநபரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது தர்க்கரீதியாகவே பிழை என்று கருதுகிறேன்.

விலை அதிகம் என்ற ஆட்சேபம் எழலாம். சறுக்குப் பலகையை வாடகைக்குத் தர முடிகிறபோது இவற்றையும் தர முடியும். தடத்துக்கு வெளியே சறுக்கச் செல்லும் ஒவ்வொருவரிடமும் இம்மூன்றும் உள்ளனவா, அவற்றைப் பயன்படுத்தத் தெரியுமா என்பதைக் கேபிள் கார் வாயிலிலேயே சோதிக்க வேண்டும். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை பயணச்சீட்டு முகப்பில் கண்ணில்படும்படி இருக்க வேண்டும். குளிர்காலச் சுற்றுலாவை வளர்க்க விரும்பும் அரசு, சுற்றுலா விளம்பரத்துக்குத் தரும் முக்கியத்துவத்தை இதற்கும் தரட்டும்.