கழிதலும் கழித்தலும்

விற்றவன் விற்பனையை நிறுத்திவிட்டான். ஆகவே ஆட்டம் செத்துவிட்டது என்பார் உளர். செத்ததைச் சுமந்து திரிவோரைப் பழமைப் பித்தர் என்றும், ஒரு படி மேலே போய்த் திருடர் என்றும் ஏசுவார் உளர். இவ்விரு திறத்தார் கூற்றும் பொய் என்பதே என் வழக்கு.

பொருள் நம் ஆசிரியர் அறைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று; ஆதலின் சற்று விளக்க வேண்டியுள்ளது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. ஒரு பெட்டி, அதனுள் மூன்று சிறு நூல்கள். முதல் அச்சு ஆயிரம் படிகள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, சமயகுரு என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுத் தாம் செய்வதை வாயால் சொல்வர். முடிவு ஐயத்திற்குரியதாயின் பகடை தீர்ப்புச் சொல்லும். நாடகமும் கணக்கும் கலந்த ஆட்டம் என்க.

1977 முதல் 1979 வரை இதன் விரிந்த வடிவம் மூன்று தடித்த நூல்களாக வந்தது. 1989-இல் இரண்டாம் பதிப்பு, 2000-இல் மூன்றாவது, 2008-இல் நான்காவது, 2014-இல் ஐந்தாவது. இடையில் 1997-இல் ஆட்டமே கைமாறி விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்திடம் சேர்ந்தது. 1999-இல் அந்நிறுவனத்தை ஹாஸ்புரோ வாங்கியது. புதியது வந்தபோதெல்லாம் பழையதன் வெளியீடு நின்றது.

இங்கே நம்மவர் ஒருவர் எழுந்து, நன்னூலின் கடைசிச் சூத்திரத்தை நினைவூட்டி நம்மை மடக்கப் பார்ப்பார். நல்லது, அச்சூத்திரத்தையே சான்றுக்கு அழைப்போம். பவணந்தியார் பேசுவது காலத்தால் தானே நிகழும் மாற்றத்தை. கழிதல் தன்வினை, கழித்தல் பிறவினை. வழங்குவோர் கைவிட்டதால் ஒரு சொல் வீழ்வது வேறு. வழங்குவோர் வழங்கிக்கொண்டிருக்கையில் அகராதி விற்பவன் அதனை அடித்துவிடுவது வேறு. வகுப்பில் மாணவனுக்கு இவ்வேறுபாட்டைக் கற்பிக்கும் நாம், வணிகன் முன் அதனை மறந்துவிடலாமா?

புதிய பதிப்பு பழையதன் திருந்திய படிவந்தானே என்று கேட்கலாம். அங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். முதற்பதிப்பில் நிலவறையிலிருந்து ஒரு பொற்காசை மீட்டுக் கொணர்ந்தால் ஒரு அனுபவப் புள்ளி. பகைவனைக் கொன்றாலும் புள்ளி உண்டு. ஆனால் அது சொற்பம். ஆகவே அறிவுள்ள ஆட்டக்காரன் பூதத்தோடு பொருதமாட்டான். அதன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பொன்னோடு வெளியேறுவான். மூன்றாம் பதிப்பில் பொன்னுக்குப் புள்ளி இல்லை. எதிர்ப்பட்ட இடரை வெல்வதற்கே புள்ளி, அதுவும் பெரும்பாலும் போரில் வெல்வதற்கு. ஒரு விதி மாறியது. ஆட்டத்தின் அறமே மாறிவிட்டது. முன்னதில் தந்திரசாலி உயர்ந்தான், பின்னதில் போராளி உயர்ந்தான். இன்னொன்றும் உண்டு. பழைய மேசையில் ஒருவன், "நீண்ட கழியால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன், சுவரில் காதை வைத்துக் கேட்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே பொறியைக் கண்டுபிடிப்பான். புதிய மேசையில், "தேடுகிறேன்" என்று சொல்லி இருபது முகப் பகடையை உருட்டிவிட்டால் போதும். எது சிறந்தது என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. (மொழியாசிரியர் எதனை விரும்புவர் என்பதை நான் சொல்ல வேண்டியதுமில்லை.) இரண்டும் வேறு வேறு ஆட்டங்கள் என்றே சொல்கிறேன். வேறான ஒன்று பிறந்ததனால் முன்னது இறந்ததாகுமா?

இனித் திருட்டு என்னும் பழி. அமெரிக்கச் சட்டப்படி ஆட்டத்தின் முறைக்குப் பதிப்புரிமை இல்லை. அம்முறையை எழுதிய சொற்களுக்கே உண்டு. மேலும், 2000-இல் நிறுவனமே 'திறந்த ஆட்ட உரிமம்' ஒன்றை வெளியிட்டு, மூன்றாம் பதிப்பின் அடிப்படை விதிகளைப் பிறரும் எடுத்தாள இசைந்தது. 2006-இல் சில ஆர்வலர் இவ்விரண்டையும் ஊன்றுகோலாகக் கொண்டு, முதற்பதிப்பின் விதிகளைத் தம் சொற்களில் புதிதாக எழுதி, 'ஆஸ்ரிக்' என்ற பெயரில் இலவசமாகவே அளித்தனர். பழைய பதிப்புக்கு ஏற்ற புதிய கதைகளை எவரும் எழுதி விற்க அது வழி திறந்தது. மூலத்தை வரிக்கு வரி படியெடுக்காமல், பொருளை உள்வாங்கித் தம் நடையில் தந்த உழைப்பு அது. நாம் இதற்கு உரை என்று பெயர் வைத்திருக்கிறோம். களவு என்று அன்று.

நிறுவனத்தின் போக்கையும் பாருங்கள். 2009-இல் பழைய பதிப்புகளின் மின்னணுப் படிகளைத் திடீரென்று விற்பனையிலிருந்து விலக்கியது. அதே ஆண்டில், மூன்றாம் பதிப்பின் வழியைத் தொடரும் 'பாத்ஃபைண்டர்' வேறொரு நிறுவனத்திலிருந்து வந்து, கைவிடப்பட்ட ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டது. 2012-இல் செத்ததாகச் சொல்லப்பட்ட முதற்பதிப்பின் மூன்று நூல்களும் நிறுவனத்தாலேயே மறு அச்சாயின. 2013-இல் மின்னணுப் படிகளும் திரும்பின. செத்ததற்கு ஏது மறு அச்சு? இடைக்காலத்தில் விளக்கை அணையாமல் வைத்திருந்தவர் யார்?

அவ்வார்வலர் எல்லாரும் சான்றோர் என்று நான் வாதாடவரவில்லை. பழைய நூலை மறையாகக் கொண்டு, அதில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் சாதி விலக்குச் செய்வோர் அவர்களிடையே உண்டு. புதிதாக வரும் சிறுவனை, "நீ நான்காம் பதிப்பில் பழகியவன்" என்று ஏளனம் செய்து விரட்டுவோரும் உண்டு. 1974-ஆம் ஆண்டுப் பெட்டியைப் பெருவிலைக்கு வாங்கிக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைப்பவனை நான் இவ்வணியில் சேர்க்கவே மாட்டேன். அவனிடம் இருப்பது அட்டையும் காகிதமும். ஆட்டம் அவனிடம் இல்லை.

2023 ஜனவரியில், அந்தப் பழைய திறந்த உரிமத்தையே செல்லாததாக்கும் வரைவு ஒன்று நிறுவனத்திலிருந்து கசிந்தது. ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருவாய் ஈட்டுவோர், அதற்கு மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு 25 பங்கு செலுத்த வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. ஆட்டக்காரர் கொதித்தெழுந்தனர், பலர் சந்தாவை நிறுத்தினர். நிறுவனம் கருத்துக் கேட்டபோது 15,000-க்கு மேற்பட்டோர் விடையளித்தனர். ஜனவரி 27-இல் அது பின்வாங்கியது. பழைய உரிமம் நிலைத்தது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பும் மீட்டுக்கொள்ள முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ்ப் பொதுவில் வைக்கப்பட்டது.

2024-இல் விதிநூல்கள் மீண்டும் திருத்தி வெளியிடப்பட்டன. 2014-ஆம் ஆண்டு நூலை வைத்து ஆடுவோரும் இப்போது பழைய பதிப்பார் ஆகிவிட்டனர். 1979-ஆம் ஆண்டு நூலை மார்பில் அணைத்திருந்தவரைப் பார்த்து நேற்றுவரை நகைத்தவர்கள் அவர்களுள் இருப்பின், 2006-இல் என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று அவரிடமே போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.