பார்த்தெழுதும் படப்பிடிப்பு

ஊடகக் கற்கைநெறியொன்றின் இறுதியாண்டு மாணவர்கள் தயாரிக்கவிருந்த இசைக் காணொளிகளின் திட்டவரைவுகளை மதிப்பிட்டுத் தருமாறு சில மாதங்களுக்கு முன்னர் என்னை அழைத்திருந்தார்கள். எந்த நிறுவனம் என்பது இங்கு முக்கியமன்று. இதே கதைதான் பல இடங்களிலும் நடைபெறுகிறது என்பதனால் பெயரைத் தவிர்க்கிறேன்.

பன்னிரண்டு வரைவுகள். ஒவ்வொன்றிலும் ‘முன்மாதிரிகளின் பகுப்பாய்வு’ என்றொரு பகுதி. ஏற்கெனவே வெளிவந்த ஐந்து இசைக் காணொளிகளையாவது பார்த்து, அவற்றை ஆராய்ந்து எழுத வேண்டும் என்பது நிபந்தனை. மாணவர்கள் அட்டவணை போட்டிருந்தார்கள். முதல் நிரலில் நேரம், இரண்டாவதில் காட்சி, மூன்றாவதில் ‘நாமும் இதனைப் பயன்படுத்துவோம்’. ட்ரோனில் எடுத்த கடற்கரை, ரயில் தண்டவாளத்தில் நடக்கும் காதலன், மெதுவாக விழும் மழைத்துளி, இரவு விளக்குகளின் நீலமும் ஊதாவும். ஏழாவது வரைவை எட்டியபோது, ஒருவரே எல்லாவற்றையும் எழுதினாரோ என்ற ஐயம் எனக்கு எழுந்துவிட்டது.

பரீட்சை மண்டபத்தில் பக்கத்து மாணவனைப் பார்த்தெழுதினால் வெளியேற்றுகிறோம். இங்கோ அதற்குப் பகுப்பாய்வு என்று பெயரிட்டு இருபது புள்ளிகள் வழங்குகிறோம்.

முன்னையோரைப் பார்த்துக் கற்பதை நான் எதிர்க்கவில்லை. பத்திரிகைத் தொழிலில் நான் கற்றதும் அவ்வாறுதான். நான் பயிற்சி நிருபராக இருந்த காலத்தில், பிரதம உபஆசிரியர் பழைய பத்திரிகைக் கோவையிலிருந்து ஒரு செய்தியை எடுத்துத் தருவார். “இதைப்போல் எழுது” என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. “இந்த நிருபர் யாரிடம் என்ன கேட்டிருப்பார்? எதைக் கேட்காமல் விட்டிருக்கிறார்?” என்றுதான் கேட்பார். அச்சில் கண்டது முடிவு மாத்திரமே. அந்த முடிவுக்கு அவர் வந்து சேர்ந்த வழியைத் தேடு என்பதே அவர் புகட்டிய பாடம்.

இசைக் காணொளிக்கும் இது பொருந்தும். 1965ஆம் ஆண்டு மே மாதத்தில், லண்டன் சவோய் ஹொட்டலின் பின்புறச் சந்தொன்றில் பொப் டிலான் நின்று, பாடலின் சொற்கள் எழுதப்பட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். பின்னால் கவிஞர் அலன் கின்ஸ்பேர்க் நின்றுகொண்டிருந்தார். பென்னபேக்கரின் ஆவணப்படமொன்றின் தொடக்கமாக 1967இல் வெளிவந்த அக்காட்சியை இன்றுவரை எத்தனையோ பேர் பின்பற்றிவிட்டார்கள். அட்டையைப் பிடித்தவர்கள் பலர். ‘வாயசைத்துப் பாட மறுக்கும் ஒருவர் பாடலை வேறெவ்வாறு காண்பிக்கலாம்?’ என்ற கேள்வியைக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

குயீன் குழுவினரின் 1975ஆம் ஆண்டு ‘பொஹீமியன் ரப்சொடி’ காணொளியை எடுத்துக்கொள்வோம். சுமார் நான்கு மணித்தியாலத்தில் படப்பிடிப்பு முடிந்தது. பல அடுக்குக் குரல்களால் அமைந்த அப்பாடலைத் தொலைக்காட்சி அரங்கில் நின்று நம்பும்படி வாயசைத்துக் காட்டுவது எளிதன்று. அந்தச் சங்கடத்திலிருந்து அக்காணொளி பிறந்தது. இருளில் மிதக்கும் நான்கு முகங்களும்கூட முற்றிலும் புதியவையல்ல. 1974இல் வெளிவந்த அவர்களது இசைத்தட்டின் அட்டைப்படமே அங்கு உயிர்பெற்றது. பழையதை எடுத்தார்கள், ஆனால் தமது தேவைக்காக எடுத்தார்கள்.

ஓகே கோ குழுவினர் 2006இல் எட்டு உடற்பயிற்சி ஓட்டப்பட்டைகளை அடுக்கி, நிலையாக நிறுத்திய ஒரே கமெராவின் முன்னால், வெட்டே இல்லாமல் ஆடி முடித்தார்கள். நடனத்தை அமைத்தவர் பாடகரின் சகோதரி. 2007இல் அதற்குக் கிரமி விருது கிடைத்தது. ட்ரோன் வாடகைக்குப் பெற்றோரிடம் ரூபா கேட்டு நிற்கும் எமது மாணவருக்கு இதனைவிடப் பயனுள்ள பாடம் வேறேது? ஆயினும் ஒரு வரைவில் இக்காணொளியைப் பற்றி எழுதப்பட்டிருந்தது இவ்வளவுதான்: ‘உடற்பயிற்சிக்கூடமொன்றில் படமாக்க உத்தேசித்துள்ளோம்.’

பன்னிரண்டில் ஒன்பது வரைவுகளில் 2021இல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ இடம்பெற்றிருந்தது. நிறங்களைப் புகழ்ந்தார்கள், ஆடைகளையும் சட்டக அமைப்பையும் புகழ்ந்தார்கள். அப்பாடலின் வேர் எங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பதை ஒருவரும் எழுதவில்லை. பாடலை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி இலங்கைத் தோட்டங்களில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களைப் பற்றி 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் செய்யப்பட்டபோது, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரு அரசாங்கங்களும் மனிதரைப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சிய 150,000 பேரின் கணக்கு 1974வரை இழுபட்டது. இந்த வரலாற்றை அறியாமல் அக்காணொளியின் நிறத்தை மட்டும் ஆராய்பவர் எதனை ஆராய்ந்தார்?

சட்டம் இங்கு உதவிக்கு வராது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெளிப்பாட்டைப் பாதுகாக்கிறது; எண்ணத்தை அன்று. ரயில் தண்டவாளத்தில் இன்னொருவரை நடக்க வைத்ததற்காக எந்த மாணவரும் நீதிமன்றம் செல்லப் போவதில்லை. இழப்பு வேறோர் இடத்தில் நிகழ்கிறது.

அதனை எனக்குக் காட்டியவர் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி. தாயைப் பிரிந்த மகள் பாடும் பாடல் அவருடையது. தோழி எழுதியது, நல்ல வரிகள். ஆனால் வரைவிலோ கொரியக் காணொளியொன்றின் இரவுத் தெரு, ஒளிரும் பெயர்ப்பலகைகள், வெளிப்படையான குடை. அத்தெருவை எங்கே தேடுவீர்கள் என்று கேட்டேன். கொழும்பில் ஒரு ஹொட்டல் வாசலைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். “ஏன் அந்தத் தெரு?” “அந்த வீடியோவில் நன்றாக இருந்தது, சேர்.”

பேச்சு வளர்ந்தது. அவரது தாயார் எட்டு ஆண்டுகளாக மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண். லயத்தில் தொலைபேசிச் சமிக்ஞை கிடைப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில், கொழுந்து மடுவத்தைக் கடந்து மேலே ஏறி, கோயில் வளைவில் ஒரு கல்லின் மீது நின்றால்தான் தாயின் முகம் திரையில் தெளியும். மழை நாளில் தம்பி குடை பிடிப்பான்.

“பிள்ளை, இது ஏன் உங்கள் வரைவில் இல்லை?”

“இப்படி ஒன்றை எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை, சேர்.”

நான் வாயடைத்துப்போனேன். குற்றம் அந்தப் பிள்ளையுடையதன்று. ‘எங்கே பார்த்தாய்?’ என்று மட்டுமே கேட்டுப் பழக்கிய நாங்கள்தான் பொறுப்பாளிகள். பிறர் காட்டியதே காட்டத் தகுந்தது என்று மூன்று ஆண்டுகள் செலவழித்துக் கற்பித்திருக்கிறோம்.

விரிவுரையாள நண்பர்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். ஐந்து காணொளிகள் வேண்டாம், ஒன்று போதும். அதனை ஒருமுறை ஒலியின்றிப் பார்க்கவும், ஒருமுறை திரையை மூடிவிட்டுக் கேட்கவும் சொல்லுங்கள். வெட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். படைத்தவரிடம் எது இல்லாதிருந்தது, அந்தக் குறையை எவ்வாறு சமாளித்தார் என்று எழுதச் சொல்லுங்கள். ‘நாமும் பயன்படுத்துவோம்’ என்ற நிரலை அழித்துவிட்டு, ‘இக்காணொளியில் இல்லாத, நான் மட்டும் அறிந்த ஒன்று’ என்று அதற்குத் தலைப்பிடுங்கள். இருபது புள்ளிகளையும் அதற்கே வழங்குங்கள்.

அன்று எனது கையிலிருந்த மதிப்பீட்டுப் படிவத்தில் அப்படியொரு நிரல் இருக்கவில்லை. நிபந்தனையின்படி ஐந்து காணொளிகளை ஆராய்ந்திருந்ததால், அந்த மாணவிக்கு இருபதுக்குப் பதினாறு வழங்கினேன். கோயில் வளைவுக்கும் அந்தக் கல்லுக்கும் வழங்க என்னிடம் புள்ளி இருக்கவில்லை.