எல்லோர் பணத்துக்கும் ஒரே அளவுகோல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்பவர்களில் சிலருக்கு ஒரே நோக்கம்தான்: மாணவர் சங்கங்களுக்கு நிதி ஒதுக்கும் குழுவில் இடம்பிடிப்பது. 'நம் சங்கத்துக்கு நிதி வாங்கித் தருவேன்' என்ற வாக்குறுதிக்குக் கைதட்டலும் கிடைக்கும். ஆனால், நம்மவர்கள் என்பதற்காக நிதி ஒதுக்கும் அதிகாரம் அரசுப் பல்கலைக்கழகம் எதிலும் அந்தக் குழுவுக்குக் கிடையாது.

காரணம், பணம் வரும் வழி. கல்விக் கட்டணத்துடன் மாணவர் நலக் கட்டணம் என்று ஒரு தொகையும் எல்லோரிடமும் வசூலிக்கப்படுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் 1995-96ஆம் கல்வியாண்டில் அது 331 டாலர் 50 சென்ட். அதில் சுமார் 80 விழுக்காடு மருத்துவச் சேவை, விளையாட்டு போன்றவற்றுக்குப் போனது. மீதி 20 விழுக்காட்டைப் பங்கிடும் பொறுப்பு பெரும்பாலும் மாணவர் பேரவையின் கையில் இருந்தது.

தாங்கள் ஏற்காத கருத்துகளைப் பரப்பும் சங்கங்களுக்குத் தங்கள் பணம் போவதை எதிர்த்து அங்கிருந்த மாணவர்கள் சிலர் 1996இல் வழக்குத் தொடுத்தார்கள். கீழமை நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பலதரப்பட்ட கருத்துகள் வளாகத்தில் ஒலிப்பதற்காகப் பல்கலைக்கழகம் கட்டாயக் கட்டணம் வசூலிக்கலாம்; ஆனால் அதைப் பங்கிடும்போது எந்தக் கருத்தின் பக்கமும் சாயக் கூடாது என்பது தீர்ப்பு. சௌத்வொர்த் வழக்கு என்று அறியப்படும் இதில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

இதே தீர்ப்பின் இன்னொரு பகுதி வேட்பாளர்கள் ஆழ்ந்து படிக்க வேண்டியது. அந்த வளாகத்தில், மாணவர் பொதுவாக்கெடுப்பின் மூலமும் ஒரு சங்கத்துக்கு நிதி தரவோ மறுக்கவோ வழி இருந்தது. பெரும்பான்மையின் விருப்பம் நடுநிலைக்கு ஈடாகாது என்று நீதிமன்றம் அதைச் சந்தேகத்துடன் பார்த்தது. இது நியாயமே. வாக்குக் கணக்கில் பணம் பிரிந்தால், பத்துப் பேர் கொண்ட சிறு சங்கத்துக்கு எந்த ஆண்டும் ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பத்துப் பேரும் முழுக் கட்டணம் செலுத்தியவர்கள்தான். வாக்கு ஒருவரைப் பதவியில் அமர்த்துகிறது. அமர்ந்த பிறகு, வாக்களிக்காதவரின் விண்ணப்பத்தையும் அவர் அதே கண்ணோடு பார்த்தாக வேண்டும்.

இந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் நுணுக்கமாகப் போனது. ஒரு சங்கம் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, முன்பு எவ்வளவு பெற்றது என்பவற்றை அளவுகோலாக வைக்கக் கூடாது என்றது. பழைய சங்கங்களுக்கு அது சாதகமாகும்; முன்னாளில் நடந்த பாரபட்சமும் ஆண்டுதோறும் தொடரும்.

அப்படியானால் குழு எதைத்தான் பார்க்கலாம்? விண்ணப்பம் உரிய நாளுக்குள் வந்ததா, செலவுக் கணக்கு நம்பும்படி இருக்கிறதா, போன முறை வாங்கிய பணத்துக்கு ரசீது உண்டா என்பவை நேர்மையான கேள்விகள். அவற்றை முன்கூட்டியே எழுத்தில் வெளியிட வேண்டும். எல்லாச் சங்கத்திடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்து, மேல்முறையீட்டுக்கும் வழிவிட வேண்டும்.

இந்த நடுநிலை விதி அரசியலமைப்பிலிருந்து வருவதால், தனியார் பல்கலைக்கழகங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பொதுவில் திரட்டிய பணத்துக்குப் பொருந்தும் அறம் அங்கும் மாறிவிடாது.

மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்லும் நம் பிள்ளைகளும் இந்தக் கட்டணத்தைச் செலுத்துகிறார்கள். மாணவர் தேர்தல் நமக்கெதற்கு என்று அவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. வாக்குக் கேட்டு வருபவரிடம், 'எங்களுக்கு என்ன தருவாய்?' என்பதை விட்டு, 'எந்த விதிப்படி பிரிப்பாய்?' என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவருக்கே உங்கள் வாக்கைத் தாருங்கள்.