பெயர் பொறித்த கல்லும் பெயர் மறந்த மண்ணும்

கபுறுகளைச் சந்திப்பது மறுமையை நினைவூட்டும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. தொடக்கத்தில் தடுத்திருந்த அச்செயலைப் பெருமானார் பின்னர் அனுமதித்தமைக்கு அதுவே காரணம். அயல்நாடு செல்வோர் அங்காடிகளையும் மாடமாளிகைகளையும் மட்டுமே கண்டு திரும்பும் இந்நாளில், அடக்கத்தலம் ஒன்றனையும் கண்டு வருதல் வேண்டும் என்பது நம் கருத்து. தாய்லாந்தில் காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தைக் கண்டபின் அக்கருத்து உறுதிப்பட்டது. உடன் ஒரு வருத்தமும் நம் நெஞ்சில் குடிபுகுந்தது.

பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அந்நகர். இரண்டாம் உலகப் போரின்போது சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியப் படை 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை அமைத்தது. 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகளாய் ஈடுபடுத்தப்பட்ட ஏறத்தாழ 60,000 பேருள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் காமன்வெல்த் நாட்டினர் 5,000க்கும் மேற்பட்டோரும், டச்சுக்காரர் ஏறத்தாழ 1,900 பேரும் இத்தோட்டத்தில் துயில்கின்றனர். பச்சைப் புல்வெளியில் வரிசை வரிசையாய்க் கற்கள். ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகட்டில் பெயர். அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் உயர்வு தாழ்வு இல்லை.

வாயில் மண்டபத்தில் நம்மை நிறுத்தி வைத்தது வேறொரு பெயர்ப்பட்டியல். பிரிவினைக்கு முந்திய இந்தியப் படையினர் 11 பேரின் பெயர்கள் அங்குள்ளன. அவர்கள் தாய்லாந்தின் முஸ்லிம் மையவாடிகளில் அடக்கப்பட்டவர்கள். அக்கபுறுகளைப் பேணிக் காக்க இயலாமற் போனமையால் பெயர்களை மட்டும் இங்கே பொறித்துள்ளனர். கபுறு மறைந்தாலும் பெயர் மறையவில்லை. ஸலாம் உரைத்து, அவர்தம் மறுமை நலனுக்காகக் கையேந்தினோம்.

ஆனால், அப்பாதைக்காக உயிர் நீத்தோருள் பெரும்பாலோர் இத்தோட்டத்தில் இல்லை! மலேயாவின் இரப்பர்த் தோட்டத் தமிழர், மலாய்க்காரர், சாவகத்தார், பர்மியர் எனச் சற்றேறக்குறைய இரண்டு இலட்சம் ஆசியத் தொழிலாளர் அங்கு வேலை வாங்கப்பட்டனர். நல்ல கூலி என்னும் ஆசை வார்த்தையால் சென்றவரும் உண்டு. வலிந்து பிடித்துச் செல்லப்பட்டவரும் உண்டு. காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாய்க் கொண்டு சென்றன. மாண்டோர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என மதிப்பிடுவர். ‘இருக்கலாம்’ என்னும் அச்சொல்லே அவர்களுக்கு நேர்ந்த இரண்டாவது அநீதி.

இவ்வேற்றுமை ஏன் நேர்ந்தது? கைதிகளிடையே அவர்தம் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். இறந்தவர் யார், எங்கே அடக்கப்பட்டார் என்பதை மறைவாகக் குறித்து வைத்தனர். 1945 செப்டம்பரில் பாதை நெடுகச் சென்ற குழு ஒன்று அக்குறிப்புகளின் துணையால் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டறிந்தது. தொழிலாளர்க்கோ எழுதி வைப்பாரும் இல்லை. தேடி வருவாரும் இல்லை. காஞ்சனபுரிப் பௌத்தக் கோயில் ஒன்றில் அவர்களுக்கு நினைவுத் தூபி உண்டு. 2023இல் தமிழர்க்கென நடுகல்லும் நிறுவப்பட்டது. போற்றத்தக்க பணிகளே, எனினும் கல் ஒன்று, மாண்டவரோ பல்லாயிரவர்.

“இறைவன் அறியாத பெயர் உண்டா? கபுறின்மேல் பெயர் பொறிப்பதை மார்க்கம் வற்புறுத்தவில்லையே!” எனப் பெரியோர் சிலர் வினவலாம். உண்மையே. மதீனாவின் ஜன்னத்துல் பகீஃயில் இன்று பெயர் தாங்கிய கற்கள் இல்லை. ஆயினும் அங்கே துயிலும் ஸஹாபாப் பெருமக்கள் பலரை நாம் அறிவோம். எதனால்? ஏடுகள் காத்தமையால். ஹதீஸ் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பெயரையும் வரலாற்றையும் ஆராய்ந்து பதிவதையே ஒரு கலையாக வளர்த்த சமுதாயம் நம்முடையது. பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஏழைப் பெண்மணி இறந்தபோது, எளியவர்தாமே என எண்ணி நபித்தோழர்கள் பெருமானாரிடம் தெரிவிக்காதிருந்தனர். அண்ணலார் அதனை ஏற்காது, கபுறைக் காட்டச் சொல்லிச் சென்று தொழுகை நடத்தினார்கள். எளியவரின் இறப்பு சிறு செய்தியன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எனவே நாம் வேண்டுவது கல் அன்று, ஏடு. தமிழ்த்துறை மாணவச் செல்வங்கள் தம் விடுமுறையில் சொந்த ஊரின் முதியோரை நாடுக. மலேயா சென்று, போருக்குப்பின் மடல் வராமலே போனவர் யார்? தந்தை பெயர் என்ன? எந்தத் தோட்டம்? கேட்டு எழுதுக. ஜமாஅத்தின் பழைய தப்தர்களையும் புரட்டுக. மாண்ட தமிழருள் பெரும்பாலோர் இந்துப் பெருமக்கள் ஆதலின், அவர்தம் இல்லங்களுக்கும் செல்க. துயரத்தில் சமய வேலி இல்லை. அன்று சிறுவராயிருந்தோர் இன்று தொண்ணூறை நெருங்குகின்றனர். காலந்தாழ்த்தினால் இந்த வாயில்களும் மூடப்படும்.

நூறு பெயர்கள் கிடைப்பினும், ஏன், பத்தே கிடைப்பினும், நம் கல்லூரி நூலகத்தில் அவை ஓர் ஏடாக அமையட்டும். காஞ்சனபுரி மண்டபத்தில் 11 பெயர்களை வாசித்துத்தானே நாம் கையேந்தினோம்! வாசிக்கப் பெயரில்லாத அம்மக்களுக்கும் அப்பேறு வாய்க்க வல்ல இறைவன் அருள்புரிவானாக.